வேஸன், ஃபெர்மிட்லுங்: தமிழில் எப்படிச் சொல்வது?

ஜெர்மன் தத்துவ அறிஞர் ஹெகலின் ‘தர்க்க அறிவியல்’ என்னும் நூல் 1812, 1813, 1816 ஆகிய ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வந்தது. 1813இல் வந்த நடுப்பகுதிக்குப் பெயர் ‘வேஸன் பற்றிய கோட்பாடு’. தமிழில் இந்த வேஸனைச் சாரம் அல்லது சாராம்சம் என்று எழுதிப் பழகிவிட்டோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. சாரம் என்றதும் கரும்பு ஆலை மனத்தில் வருகிறது: சாறு ஒருபுறம், தூக்கியெறியச் சக்கை மறுபுறம். ஹெகல் சொல்வதோ வேறு. வேஸன் தோன்றியே ஆக வேண்டும் என்கிறார் அவர். தோற்றங்களை எல்லாம் சக்கையாக ஒதுக்கிவிட்டால் கையில் எதுவும் மிஞ்சாது.

பழைய ஜெர்மனில் ‘வெஸன்’ என்றால் இருத்தல், தங்குதல். வடமொழி ‘வஸ்’ இதற்கு உறவு வேர்; நாம் புழங்கும் வாசம், வசித்தல் எல்லாம் அதன் வழி வந்தவை. இன்றைய ஜெர்மனில் ‘இரு’ என்னும் வினை ‘ஸைன்’. அதன் இறந்தகால வடிவம் ‘கெவேஸன்’. ஹெகல் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார்: வேஸன் என்பது கடந்துபோன இருப்பு, ஆனால் காலக்கணக்கில் கடந்துபோனது அல்ல. அன்றாட வழக்கில் ‘போஸ்ட்வேஸன்’ என்றால் தபால் துறை முழுவதும். ஆள், பெட்டி, முத்திரை, விதி எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் அந்த முழுமையையே சொல் குறிக்கிறது. இதையும் அவர் வகுப்பில் எடுத்துக்காட்டியிருக்கிறார்.

அடுத்த சொல் ‘ஃபெர்மிட்லுங்’: ஒன்று வேறொன்றின் வழியாக அமைவது. அதன் நடுவே இருப்பது ‘மிட்டே’, அதாவது நடு. எதிர்ச்சொல் ‘உன்மிட்டல்பார்’: நடுவில் எதுவும் இல்லாதது. ஹெகல் தரும் எடுத்துக்காட்டு எளிமையானது. நான் இப்போது பெர்லினில் இருக்கிறேன். இது நேரான இருப்பு. ஆனால் இங்கு வந்து சேர்ந்த பயணம் இல்லாமல் இந்த இருப்பு இல்லை. நேரே கிடப்பதாகத் தோன்றும் எதுவும் இப்படி ஒன்றின் ஊடாக வந்ததே. எதன் வழியாகவும் வராத ‘நேரடி அறிவு’ உண்டு என்று வாதிட்ட ஜெர்மன் தத்துவ அறிஞர் யாகோபிக்கு இதுவே ஹெகலின் மறுப்பு.

தமிழில் தவறு நேரும் இடங்கள் சில. ‘இடையீடு’ பொருந்துவதுபோல் தெரியும். ஆனால் ‘இடையீடின்றி’ என்றால் நமக்குத் தடையின்றி என்றுதான் பொருள். ‘மத்தியஸ்தம்’ பஞ்சாயத்துக்கு உரியது. ‘ஊடாட்டம்’ வேண்டவே வேண்டாம்: வேஸன் பகுதியின் கடைசியில் வரும் ‘வெக்ஸல்விர்க்குங்’ என்னும் பரஸ்பர வினைக்கு அச்சொல் தேவைப்படும். ‘உடனடி’ என்றால் காலம் உள்ளே புகுந்துவிடும். ஊடு என்றாலே நடு, வழி என இரு பொருளும் வருவதால் ஃபெர்மிட்லுங்குக்கு ‘ஊடாக்கம்’ நன்றாக அமைகிறது. ஊடகமும் அதே வேர்தான். ‘உன்மிட்டல்பார்’ என்பதற்கு ‘நேர்நிலை’ போதும்.

வேஸனுக்கு ‘உள்ளியல்பு’ சரியானது என்பதற்கு ஹெகலே சான்று. இருப்பிலிருந்து வேஸனுக்குப் போகும் நகர்வை அவர் ‘எரின்னருங்’ என்கிறார். வழக்கில் அதற்கு நினைவுகூர்தல் என்று பொருள். சொல்லுக்குள் ‘இன்னர்’, அதாவது உட்புறம், இருக்கிறது. தமிழ் ‘உள்’ இந்த மூன்றையும் தாங்குகிறது: உள்ளது என்றால் இருப்பது, உள்ளே என்றால் அகத்தே, ‘உள்ளினும் தீராப் பெருமகிழ்’ என்று வள்ளுவர் சொல்லும்போது நினைத்தல். உண்மை என்ற சொல்லே முதலில் உள்ளதாம் தன்மையைக் குறித்ததுதான். இன்று அது வாய்மைக்குப் போய்விட்டதால் இங்கே உதவாது. ஒரே ஒரு எச்சரிக்கை: உள்ளியல்பு என்பதைப் புறத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பொருளாகப் படிக்கக்கூடாது. அகமும் புறமும் ஒன்றே என்று அதே பகுதியில் ஹெகல் காட்டுகிறார்.

இனி வேஸன் பகுதியின் தொடக்கத்தில் வரும் அவர் வாக்கியம் ஒன்றை இச்சொற்களைக் கொண்டு தமிழில் வைத்துப் பார்க்கலாம்: நேர்நிலை இருப்பிலிருந்து அறிவு உள்ளிச் செல்லும்போதுதான், அந்த ஊடாக்கத்தின் வழியே, உள்ளியல்பைக் கண்டடைகிறது.