டாலருக்குப் பின்னால் தங்கம் இல்லை

போன வாரம் ஒரு பெரியவர் என் மேசையில் பழுப்பேறிய உறையை வைத்தார். உள்ளே கட்டாக நூறு டாலர் நோட்டுகள், எல்லாம் 1985 என்று அச்சிட்டவை. "டாலருக்குப் பின்னால் தங்கம் இருக்கிறதே, மதிப்பு குறையாது என்றுதான் தொடாமல் வைத்திருந்தேன்" என்றார். அந்நியச் செலாவணி வேலையில் இந்தப் பேச்சை எத்தனை முறை கேட்டுவிட்டேன்! அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இல்லை ஐயா. தங்கம் இல்லை. டாலரைக் கொடுத்துத் தங்கம் பெறும் கதவை 1971 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்க அதிபர் நிக்சன் மூடிவிட்டார். அதற்கு முன்பும், 1944-ல் பல நாடுகள் கூடிச் செய்த பிரெட்டன் வுட்ஸ் பண ஏற்பாட்டின்படி அவுன்ஸுக்கு 35 டாலர் கணக்கில் தங்கம் கேட்க வெளிநாட்டு அரசுகளுக்கும் மத்திய வங்கிகளுக்கும்தான் வழி இருந்தது. நோட்டை நீட்டித் தங்கம் வாங்கும் உரிமை அமெரிக்கக் குடிமக்களுக்கே 1933-ல் போய்விட்டது. அந்த ஆண்டு ரூஸ்வெல்ட் அரசு மக்களிடமிருந்த தங்க நாணயங்களையும் கட்டிகளையும் அவுன்ஸ் 20.67 டாலருக்கு ஒப்படைக்கச் சொன்னது. அடுத்த ஜனவரியில் விலையை 35 என்று மாற்றியது. ஒரே கையெழுத்தில், தங்கக் கணக்கில் டாலரின் மதிப்பு 41 சதவீதம் சரிந்தது. தங்கம் பின்னால் நின்ற காலத்திலேயே நடந்தது இது! ஃபோர்ட் நாக்ஸ் என்ற அமெரிக்க அரசின் பெட்டகத்தில் தங்கம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அது அமெரிக்க அரசின் சொத்து. உங்கள் நோட்டை நீட்டி அதைக் கேட்க முடியாது.

சரி, அந்த உறைக்கு வருவோம். மக்கள் வாங்கும் பொருள்களின் விலை ஏற்றத்தைக் காட்டும் அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீடு 1985-ல் சராசரியாக 107.6, 2023-ல் 304.7. அன்று நூறு டாலருக்குக் கிடைத்ததை வாங்க 2023-ல் 283 டாலர் வேண்டும். தாளில் உள்ள எண் மாறவில்லை, வாங்கும் சக்தி ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகிவிட்டது. உள்ளூர்ப் பணத்தில் டாலர் விலை ஏறியதைப் பார்த்து டாலரே வளர்ந்துவிட்டதாக எண்ணாதீர்கள். உங்கள் பணம் அதைவிட வேகமாகத் தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிரான பயம் ஒன்றும் உண்டு. "பழைய நோட்டு செல்லாது, பாதி விலைக்குக் கொடுங்கள்" என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். 1861 முதல் அமெரிக்க அரசு வெளியிட்ட நோட்டுகள் எல்லாம் இன்றும் முகமதிப்புக்கு, அதாவது தாளில் அச்சிட்ட தொகைக்கு, செல்லும். 1996-க்கு முந்தைய, பிராங்கிளின் படம் சிறியதாக உள்ள நூறு டாலர் நோட்டை நாங்கள் சின்னத்தலை என்போம். சோதிப்பதும் கைமாற்றுவதும் சிரமம் என்பதால் சில கடைகள் அதற்குக் குறைத்துத் தருகின்றன. அது அந்தக் கடையின் விருப்பம், சட்டம் அல்ல. இரண்டு மூன்று இடங்களில் விசாரியுங்கள். எல்லாக் கழிவும் போகக் கைக்கு எவ்வளவு வரும் என்று கேளுங்கள். ரசீது இல்லாமல் மாற்றவே மாற்றாதீர்கள். "மில்லியன் டாலர் நோட்டு" என்று எவராவது காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படியொன்றை அமெரிக்க அரசு அச்சிட்டதே இல்லை.

பிள்ளையின் படிப்பு, பயணம் என்று டாலரிலேயே செலவு இருந்தால் டாலர் வைத்திருப்பதில் தப்பில்லை. ஆனால் அதை வட்டி வரும் இடத்தில் வையுங்கள், உறையில் வேண்டாம். வீட்டுப் பெரியவர்கள் இப்படிச் சேர்த்து வைத்திருப்பது தெரிந்தால், தயவுசெய்து கடிந்துகொள்ளாமல் பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.