வேப்பங்கொட்டை அடித்தும் புழு சாகவில்லையா?

"வேப்பங்கொட்டைக் கரைசல் அடிச்சேன், ஒரு புழுகூடச் சாகலையே சார்." மேலூர், வாடிப்பட்டி, அலங்காநல்லூர் என்று எந்தப் பக்கம் கத்தரித் தோட்டத்துக்குப் போனாலும் இதைக் கேட்காமல் திரும்பியதில்லை. போன மாதம் இப்படிச் சொன்னவரிடம் எப்போது அடித்தீர்கள் என்று கேட்டேன். பகல் 11 மணி. கொட்டை? 2 வருஷமாக மூட்டையில் கிடந்ததாம்.

வேம்பின் சத்தான அசாடிராக்டின் வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும். மதுரை வெயிலைச் சொல்லவா வேண்டும்! பொழுது சாய்ந்தபிறகுதான் தெளிக்க வேண்டும். கொட்டையும் பொறுக்கி 3 மாதத்துக்குக் குறையாமல், 8 மாதத்தைத் தாண்டாமல் இருக்க வேண்டும். ஆனி, ஆடியில் பொறுக்கி நிழலில் உலர்த்திச் சணல் சாக்கில் வைத்தால் ஐப்பசியிலிருந்து மாசிவரை கைகொடுக்கும்.

10 லிட்டர் டேங்குக்கு, கொட்டையை உடைத்து எடுத்த பருப்பு அரை கிலோ. இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, மறுநாள் பால் போல் வரும்வரை பிழிந்து, துணியில் 2 தடவை வடிகட்டுங்கள். சோம்பேறித்தனப்பட்டால் நாசில் அடைத்துக்கொள்ளும். ஒட்டுவதற்குக் கொஞ்சம் காதி சோப்பைக் கரைத்து ஊற்றி, டேங்கை நிரப்பி, அன்றைக்கே அடித்துவிடுங்கள். கடையில் வேம்பு மருந்தாக வாங்கினால் 1500 பிபிஎம்மா, 10000 பிபிஎம்மா (பத்து லட்சம் பங்கில் அசாடிராக்டின் எத்தனை பங்கு) என்று பார்த்துத்தான் அளவு. காலாவதித் தேதியையும் பாருங்கள்.

இது அடித்தவுடன் சுருண்டு விழவைக்கும் மருந்தில்லை. புழுவைத் தின்னவிடாது, தோலுரிக்கவிடாது. அதனால் செத்த புழுவை எண்ணாதீர்கள்; இலையில் புதுக் கடி விழுகிறதா என்று பாருங்கள்.

காய்த்துளைப்பான் மட்டும் வேறு கணக்கு. காய்க்குள் போய்விட்ட புழுவுக்கு மேலே எதைத் தெளித்தும் பிரயோஜனமில்லை. வாடித் தொங்கும் குருத்தையும் சொத்தைக் காயையும் கிள்ளி எரித்துவிடுங்கள். வரப்பில் வீசினால் அந்துப்பூச்சியாகித் திரும்ப வரும். ஆண் அந்துப்பூச்சியை வாசனை காட்டி இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு 5 வையுங்கள். பரவை காய்கறி மார்க்கெட்டில் காயில் ஒரு ஓட்டை தெரிந்தாலும் விலை என்னாகும் என்று உங்களுக்கே தெரியும்.

எல்லாம் கேட்டுவிட்டு அந்தப் பழைய கொட்டைக்காரர், "அப்ப புகையிலைக் கஷாயம் போட்டுப் பார்க்கவா சார்? அதுவும் இயற்கைதானே?" என்றார். புகையிலையில் இருக்கும் நிகோட்டின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும் விஷம். நிகோட்டின் சல்பேட்டைப் பூச்சிமருந்தாகப் பயன்படுத்த நம் நாட்டில் தடையே இருக்கிறது. அந்தப் பேச்சே வேண்டாம் என்று சொல்லி, புதுக்கொட்டை கிடைக்கும் வீட்டைக் காட்டிவிட்டு வந்தேன்.