ரிவால்வர் ட்ரிகரை யார் கையில் கொடுக்கிறீர்கள்?

துப்பாக்கி ரிப்பேர் பார்க்கும் என்னிடம் மறுபடியும் ஒன்று வந்துவிட்டது. மன்னார்குடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவருடைய .32 ரிவால்வர், கான்பூர் தயாரிப்பு. ட்ரிகர் இறுக்கமாக இருக்கிறது என்று அவர் சொல்லப்போக, மகன் ஊரிலேயே ஒரு லேத் பட்டறையில் கொடுத்து லேசாக்கி வாங்கிவிட்டார். தோட்டா இல்லை என்று பார்த்துக்கொண்டு, ஹேமரை, அதாவது தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் பாகத்தை, பின்னால் இழுத்து நிறுத்திக் கட்டைவிரலால் மெல்ல முன்னே தள்ளினேன். ட்ரிகரில் விரலே படவில்லை, நிற்க வேண்டிய ஹேமர் டக்கென்று விழுந்தது. கழற்றி லென்ஸில் பார்த்தால், ட்ரிகர் கவ்விப் பிடிக்கும் ஹேமரின் காடி முழுக்க அரம் போட்ட கோடுகள். கறுத்த மேல்தோல் போய் உள்ளே வெள்ளையாகப் பளபளக்கிறது. இதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறார் அந்த மனிதர்.

"அவர் கை பொன்னு அண்ணே, பம்புசெட் ஷாஃப்டை ஒரு நூல் பிசகாமல் கடைஞ்சு தருவார்" என்கிறார் மகன். இந்தப் பேச்சைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கை நன்றாக இருந்தால் எதையும் செய்யலாம் என்று யார் சொன்னது? சுவாமிமலை ஸ்தபதிகள் அரம் பிடிக்கும் அழகைப் பார்த்து அசந்து நின்றிருக்கிறேன். அவர்களிடமும் ரிவால்வரைக் கொடுக்க மாட்டேன். ஷாஃப்ட் பிசகினால் மோட்டார் நிற்கும், மறுபடி கடையலாம். ட்ரிகரும் ஹேமரும் கவ்வும் இடம் அப்படியில்லை. பல துப்பாக்கிகளில் அங்கே கடினமாக்கிய இரும்பு மேலே மெல்லிய தோலாக மட்டும்தான் இருக்கும். அதை ராவி எடுத்துவிட்டால் உள்ளே மெத்தென்ற இரும்பு. வேலை முடிந்த அன்று ட்ரிகர் வெண்ணெய் மாதிரி போகும், எல்லாருக்கும் சந்தோஷம். அப்புறம் ஒவ்வொரு இழுப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, ஒருநாள் கவ்வாமல் விட்டுவிடும். அன்று நன்றாக இருந்ததே என்பது எதற்கும் சாட்சி இல்லை. ராவிய இரும்பை யாராலும் திரும்ப ஒட்ட முடியாது. உதிரிபாகம்தான் மாற்ற வேண்டும், அதுவும் அந்தத் துப்பாக்கிக்குப் பொருத்திச் சரிபார்க்க வேண்டும்.

ஸ்பிரிங்கை வெட்டுவது இன்னொரு வைத்தியம். வீடியோ பார்த்துச் செய்கிறார்கள். அடி வலுக் குறைந்தால் தோட்டா வெடிக்காது. எதற்காக உரிமம் வாங்கினீர்களோ, அந்த நேரத்தில் கையில் வெறும் இரும்புதான் இருக்கும்.

"திருச்சி துப்பாக்கி ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்தானே" என்பார்கள். அவர் தொழில் தெரிந்தவராகவே இருக்கட்டும். ஃபேக்டரி உரிமம் அவரோடு வீட்டுத் திண்ணைக்கு வராது. 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி பழுதுபார்ப்பதற்கும் தனி உரிமம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, அது இல்லாமல் செய்தால் குறைந்தது 7 ஆண்டு சிறை, ஆயுள்வரை போகலாம். உரிமம் இருக்கிறதா என்று கேட்காமல் ஆயுதத்தை ஒப்படைத்தவரும் மாட்டுவார். பட்டறைக்காரரின் பிள்ளைகுட்டிகளையாவது நினைத்துப் பாருங்கள்.

சரி, யாரிடம் போவது? சுவரில் மாட்டிய உரிமத்தில் பழுதுபார்ப்பு என்று இருக்கிறதா என்று வாசியுங்கள். விற்பனைக்கு மட்டும் உரிமம் வைத்திருப்பவர்களும் உண்டு. உங்கள் உரிமப் புத்தகத்தைக் கேட்காமல் துப்பாக்கியைக் கையில் வாங்குகிறவரா, திரும்பி வந்துவிடுங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் லேசாக்கித் தருகிறேன் என்பவரிடமும் வேண்டாம். எனக்குத் தெரிந்த நல்ல மெக்கானிக்குகள் முதலில் முடியாது என்றுதான் சொல்வார்கள். வேலை முடிந்ததும் உங்கள் எதிரிலேயே அந்தக் கட்டைவிரல் சோதனையைச் செய்து காட்டச் சொல்லுங்கள். தோட்டா போடும் உருளையான சிலிண்டரின் ஆறு அறைகளுக்கும் தனித்தனியாக. ட்ரிகரை இழுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று இழுவைத் தராசில் அளந்து, ரசீதில் எழுதித் தரட்டும். உரிமதாரர் நேரில் வர முடியாவிட்டால், ரிப்பேருக்குக் கொண்டுபோகிறவர் கையில் அவர் எழுதிக் கொடுத்த அனுமதி இருக்க வேண்டும்.

அதற்கும் முன்னால், ட்ரிகரில் வேலை தேவைதானா? ஹேமரை முன்கூட்டியே பின்னால் இழுத்து நிறுத்தாமல் சுட்டால் அந்த ஒரே இழுப்பில் சிலிண்டரும் சுற்ற வேண்டும், ஹேமரும் ஏறி இறங்க வேண்டும். கனமாகத்தான் இருக்கும், அது பழுது இல்லை. நம் டெல்டாவில் இறுக்கம் என்று வருவதில் பெரும்பாலும் நான் பார்ப்பது அழுக்குத்தான். தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து, அது உள்ளே பிசினாக இறுகியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை முழுக்கத் தோல் உறையோடு பீரோவில் வைத்து, தோல் குடித்த ஈரத்தில் துரு ஏறியிருக்கும். கழற்றிச் சுத்தம் செய்து துப்பாக்கி எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் முக்கால்வாசிப் பேர் திருப்தியாகப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து உறையிலிருந்து எடுத்து வையுங்கள்.

ஏற்கெனவே எங்காவது கொடுத்து ராவியிருந்தால், ஹேமரை இழுத்துப் பார்க்க வேண்டாம். தோட்டாக்களை எடுத்துத் தனியாகப் பூட்டிவிட்டு, உரிமப் புத்தகத்தோடு உரிமம் உள்ள கடைக்கு உடனே கொண்டுபோங்கள். என்னிடம் வந்தாலும் சரி, திட்ட மாட்டேன்.