அடாப்டர்: தகவியா, மாற்றியா?

‘எச்.டி.எம்.ஐ டு வி.ஜி.ஏ அடாப்டர் இருக்கா?’ என்று கேட்டால், ‘கன்வெர்ட்டர்தானே சார்?’ என்று திருத்துகிற கடைக்காரர்கள் உண்டு. அவர்கள் சொல்வதுதான் சரி. நம் பேச்சில் இரண்டு சொல்லும் ஒன்றாகிவிட்டாலும், பொருள்கள் வேறு. (எச்.டி.எம்.ஐ, வி.ஜி.ஏ இரண்டும் கணினியிலிருந்து திரைக்குப் படத்தைக் கொண்டுபோகும் இணைப்பு வகைகள்.)

அடாப்டரின் வேர் இலத்தீன் ‘ஆப்டுஸ்’. தகுந்த, பொருந்திய என்று பொருள். கன்வெர்ட்டரின் வேர் ‘வெர்ட்டெரே’, அதாவது திருப்புதல். முன்னது இரண்டைப் பொருத்தி வைக்கிறது; பின்னது ஒன்றை வேறொன்றாக ஆக்குகிறது.

தமிழில் அடாப்டருக்குப் பொருத்தி, தகவி என்று எழுதுகிறார்கள். என் ஓட்டு தகவிக்கு. ‘தக்கார் தகவிலர்’ என்ற குறளில் வரும் தகவுதான் இது. ‘தகு’ என்பதிலிருந்து பிறந்தது. ஆப்டுஸின் பொருளும் ஏறக்குறைய அதுவே என்பதால், இதைவிடப் பொருந்தும் சொல் கிடைப்பது அரிது. கன்வெர்ட்டருக்கு மாற்றி, அதில் தகராறு இல்லை. (மடிக்கணினியோடு வரும் ‘அடாப்டர்’ மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்குகிறது. அதுவும் உண்மையில் மாற்றிதான். பெயர் நிலைத்துவிட்டது, இனி என்ன செய்ய?)

இந்த வேறுபாடு புரியாமல் நானே ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். ஒரு முனையில் எச்.டி.எம்.ஐ, மறுமுனையில் நீல நிற வி.ஜி.ஏ, நடுவே வெறும் வடம். மலிவு. பழைய புரொஜெக்டரில் மாட்டினால் ‘நோ சிக்னல்’. ஆத்திரத்தில் உறையை அறுத்துப் பார்த்தேன்: கம்பிகளைத் தவிர உள்ளே ஒன்றுமில்லை.

கம்பி மட்டும் ஏன் போதாது? 1987-இல் ஐ.பி.எம் கொண்டுவந்த வி.ஜி.ஏ, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனிக் கம்பியில் ஏறி இறங்கும் மின்னழுத்தமாக அனுப்புகிறது. நிறம் முழுப் பிரகாசத்தில் இருந்தால் 0.7 வோல்ட், கருமைக்குச் சுழி. இது அனலாக் சிக்னல், தமிழில் ஒப்புமைக் குறிகை. எச்.டி.எம்.ஐ அனுப்புவதோ ஒன்றும் சுழியுமாக எண்ணிமக் குறிகை, அதாவது டிஜிட்டல். எண்ணை மின்னழுத்தமாக மாற்ற ஒரு சில்லு (சிப்) வேண்டும், அந்தச் சில்லுக்கு மின்சாரமும் வேண்டும். எச்.டி.எம்.ஐ-யின் 18ஆம் முள் 5 வோல்ட் தருகிறது. அதிலேயே பல மாற்றிகள் ஓடுகின்றன. சற்று நேரம் கழித்துத் தொட்டால் கைக்கு இளஞ்சூடு தெரியும். வி.ஜி.ஏ-வில் ஒலி போகாது என்பதால் ஸ்பீக்கருக்கென்று பக்கவாட்டில் ஒரு துளையும் வைத்திருப்பார்கள்.

இன்னொரு பட இணைப்பான டி.வி.ஐ-யின் கதை வேறு. 1999-இல் வந்த அதன் எண்ணிமப் படக்குறிகையைத்தான் எச்.டி.எம்.ஐ பின்னர் எடுத்துக்கொண்டது. ஆகவே அவ்விரண்டுக்கும் நடுவே சில்லே இல்லாத தகவி போதும். டி.வி.ஐ-யிலிருந்து வி.ஜி.ஏ-வுக்குப் போவதானால் துளையை உற்றுப் பார்க்க வேண்டும். தட்டையான நீள் பிளவைச் சுற்றி நான்கு குட்டித் துளைகள் இருந்தால் அங்கே ஒப்புமைக் குறிகையும் வருகிறது, தகவி போதும். அவை இல்லையென்றால் அந்தத் தகவி உள்ளேயே போகாது, மாற்றிதான் வழி.

தகவியைப் பல இடங்களில் இரு பக்கமும் திருப்பிப் போடலாம். மாற்றி ஒருவழிப் பாதை. எச்.டி.எம்.ஐ-யிலிருந்து வி.ஜி.ஏ-வுக்கு என்று வாங்கியதைப் பழைய கணினியிலிருந்து புதிய டிவிக்கு மாட்டினால் திரை கறுப்பாகவே இருக்கும். கடையில் எதிலிருந்து எதற்கு என்ற வரிசையைச் சொல்லிக் கேளுங்கள்.

தகவிக்கும் மாற்றிக்கும் நடுவே உள்ள இந்தக் கோட்டை அழிப்பது டிஸ்ப்ளேபோர்ட் என்ற மற்றொரு பட இணைப்பு. அதன் முத்திரையோடு இரண்டு கூட்டல் குறி போட்ட துளையாக இருந்தால், எச்.டி.எம்.ஐ வடம் மாட்டப்பட்டிருப்பதை அறிந்து கணினியே எச்.டி.எம்.ஐ குறிகையை அனுப்பிவிடும். மாற்றும் வேலை துளைக்குப் பின்னாலேயே முடிந்துவிடுவதால், வெளியே நாம் மாட்டுவது தகவி மாதிரிதான்.