வாங்குக்குப் பூ வைக்கும் முன்

திருகோணமலை நகருக்குள் நான் முதன்முதலாக வடிவமைத்த அலங்கார வாங்கை மான்கள் ஒரே இரவில் தின்று முடித்தன. இருக்கையை அல்ல, அதன் இரு பக்கமும் தொட்டி கட்டி நட்டிருந்த செவ்வரத்தையையும் ரோசாவையும். பின்னேரம் நாடா வெட்டித் திறந்தார்கள். விடியப் போய்ப் பார்த்தால் குச்சிகள்தான் மிச்சம். கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் கடைத்தெரு வரை உலாவுகிற ஊர் இது. இங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அது தெரியாதா? தெரியும். கணினியில் படம் வரையும்போது மான் ஞாபகத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். தொட்டியின் உயரமும் செடியின் உயரமும் சேர்ந்தால் சரியாக மானின் வாய்க்கு நேரே வரும். நான் கட்டிக் கொடுத்தது அதற்கொரு சாப்பாட்டு மேசை.

அதற்குப் பிறகு இப்படிப் பொது இட வேலைகள் பல செய்துவிட்டேன். இப்போது விளையாட்டுக் கழகங்கள், பழைய மாணவர்கள், கடைக்காரர்கள் எனப் பலரும் தங்கள் வீதிக்கு ஒரு வாங்கு போடக் கேட்டு வருகிறார்கள். நல்ல விஷயம். அநேகமானோர் கைபேசியில் ஒரே படத்தைத்தான் காட்டுவார்கள்: பார்சிலோனாவில் கட்டடக் கலைஞர் கௌடி 1900க்கும் 1914க்கும் இடையில் அமைத்த குவெல் பூங்காவில், உடைந்த ஓடுகள் பதித்துப் பாம்புபோல் வளைந்து போகும் நீள இருக்கை. அதன் நிறம் எல்லோர் கண்ணிலும் படும். முதுகு சாய வாகாக அது வளைக்கப்பட்டிருப்பதோ, மழைநீர் வழிந்தோட வழி விட்டிருப்பதோ யார் கண்ணிலும் படாது.

நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, பின்னேரம் நான்கு மணிக்கு அங்கே வெயில் எந்தப் பக்கமிருந்து விழும் என்பதுதான். நம்முடைய நகரம் இரண்டு கடலுக்கு நடுவே கிடக்கிறது. டச்சுக் குடாப் பக்கம் கடலைப் பார்த்து உட்கார்ந்தால் முகம் கிழக்கே, வெயில் முதுகில். அங்கே வாங்குக்குப் பின்னால் ஒரு வேம்போ பூவரசோ நின்றால் போதும். உள்துறைமுகப் பக்கம் நிலைமை தலைகீழ். கடலைப் பார்த்தால் சரிகிற சூரியன் நேரே கண்ணுக்குள். தலைக்கு மேல் கூரை போட்டாலும் சாய்ந்து வரும் வெயிலை அது தடுக்காது. அங்கே வாங்கைத் தண்ணீரைப் பார்க்க வைக்காமல் வடக்கு நோக்கித் திருப்பிப் போடச் சொல்வேன். கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் துறைமுகம் தெரியும், கண்ணும் கூசாது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் நிழலில்லாத வாங்கு தோசைக்கல்தான். (இங்கே கொறிக்கும் கடலையும் கச்சான், கொளுத்தும் காற்றும் கச்சான்.) கறுப்புக் கிரனைட் பார்க்க எடுப்பாக இருக்கும். மத்தியானம் உட்கார்ந்து பார்த்தவர்கள் இரண்டாம் முறை கேட்கமாட்டார்கள்.

இனி உயரம். கோயிலுக்குப் போய்த் திரும்பும் ஓர் ஆச்சி வாங்கில் எப்படி உட்காருகிறார் என்று ஒரு நாள் நின்று பாருங்கள். முதலில் கை எதையோ தேடும். பிறகு மெல்லச் சரிவார். எழும்பும்போது இன்னும் பாடு. பக்கத்தில் பிடி இல்லையென்றால் தொட்டி விளிம்பைப் பிடிப்பார். அது ஆடினால் விழுவார். 45 சென்ரிமீற்றர் உயரம், சாய முதுகு, இரு முனையிலும் கைப்பிடி. இவை மூன்றும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு பக்கம் சக்கர நாற்காலி நிற்க ஒரு மீற்றர் அளவில் வெறுமையாக விடுங்கள், அதிலும் பூச்சாடியைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். நம்முடைய பழைய சுமைதாங்கியைக் கட்டியவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தலைச்சுமையை ஆள் உதவியில்லாமல் இறக்கி, பிறகு குனியாமலே திரும்ப ஏற்றுகிற உயரம் அது.

தொட்டிகளைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. மான் தின்ற அதே இருக்கையில் மறுபடி செடி வைத்தோம், வாடை மழையும் தொடங்கியது. ஒருநாள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்னை அழைத்து, தொட்டியின் மூலையில் தேங்கிய தண்ணீரைச் சிரட்டையால் அள்ளிக் காட்டினார். நுளம்புக் குடம்பிகள் நெளிந்தன. அடியில் துளை விட்டிருந்தேன்; மேசன் சாந்து பூசும்போது அது அடைபட்டுவிட்டது, நானும் போய்ப் பார்க்கவில்லை. 2017இல் கிண்ணியாவில் டெங்கு பட்ட பாட்டைக் கண்ட மாவட்டம் இது. டெங்கு நுளம்பின் முட்டை காய்ந்த தொட்டிச் சுவரிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தண்ணீர் பட்டால் ஏறக்குறைய ஒரு கிழமை பத்து நாளில் நுளம்பாகப் பறக்கும். இப்போது தொட்டியைக் கையேற்கும் முன் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது கீழே வழியும்வரை நிற்கிறேன். வழியாவிட்டால் மேசனுக்கு மிச்சக் காசு இல்லை.

செடிக்கு இப்போது பட்டிப்பூவும் கற்றாழையும். உப்புக்காற்றையும் வெயிலையும் தாங்கும், கசப்பு என்பதால் மானும் பெரிதாகத் தொடாது. அலரியையும் மான் தொடாதே என்பார்கள். முழுச்செடியும் நஞ்சு, பிள்ளைகள் கைவைக்கும் இடத்தில் வேண்டாம்.

இரும்புச் சட்டத்துக்கு எத்தனை பூச்சுப் பெயின்ற் அடித்தாலும் கடற்காற்று விடாது, துரு கண்ணீர்போல வழியும். கொங்கிறீற் என்றால் உள்ளேயுள்ள கம்பிக்கு மேல் 4, 5 சென்ரிமீற்றராவது மூடியிருக்கட்டும்.

ஓவியம் கடைசியில். உடைந்த ஓட்டைச் சாயும் இடத்திலும் உட்காரும் இடத்திலும் பதிக்காதீர்கள், சேலையும் அபாயாவும் கிழியும். பின்புறத்தில் பதியுங்கள். ஒருமுறை முதுகுப் பலகையில் சாமிப்படம் கேட்டு நின்றார்கள். எங்கள் மேசன் ஐயா ஒரே வார்த்தையில் முடித்தார்: "சாமியில சாய்ஞ்சு இருக்க ஏலாது தம்பி." கடைசியில் பள்ளிப் பிள்ளைகள் சூரை, பாரை, ஒரு நீலத் திமிங்கிலம் எல்லாம் வரைந்தார்கள். திமிங்கிலம் பாரையைவிடச் சின்னதாக வந்துவிட்டது. அப்படியே விட்டோம்.

அந்த இருக்கைக்குத் தண்ணீர் ஊற்றுவது பக்கத்து ஓட்டோக்காரத் தம்பி. வேலை தொடங்க முன்பே அவரிடம்தான் கேட்டேன். சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு: தண்ணீர் ஊற்றும் கானைத் தொங்கவிட வாங்கின் பின்னால் ஒரு கொளுக்கி வேண்டுமாம். திமிங்கிலத்தின் வாலுக்குக் கீழே அடித்துக் கொடுத்திருக்கிறோம்.