குறைகடத்திக் காமா உணரி: சொல் விளக்கம்

காமா கதிரை இடையில் ஒளியாக மாற்றாமல், நேரே மின்துடிப்பாகத் தரும் ஒற்றைப்படிகமே குறைகடத்திக் காமா உணரி. இதைப் "படிக உணரி" என்று சுருக்குவது குழப்பம் தரும். சோடியம் அயோடைடும் படிகம்தான். ஆனால் அது கதிர் பட்டதும் ஒளிரும், அந்த ஒளியை மின்னாக்க இன்னொரு கருவி வேண்டும். ஆகவே "குறைகடத்தி" என்ற முன்பகுதியை விட்டுவிடக் கூடாது.

ஆங்கிலத்தில் குறைகடத்தி "செமிகண்டக்டர்". இலத்தீனில் "செமி" என்றால் பாதி. ஜெர்மன் "ஹால்ப்லைட்டர்" என்பதில் வரும் "ஹால்ப்"புக்கும் அதே பொருள். அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் "அரைக்கடத்தி" வரும். சிலர் அப்படியே எழுதுகிறார்கள். "குறைகடத்தி"யே பொருத்தம் என்பது எங்கள் முடிவு. இப்பொருள்கள் உலோகம் கடத்துவதில் பாதி அளவு கடத்துபவை அல்ல. பல கோடி மடங்கு குறைவாகக் கடத்துபவை. "படிகம்" வடமொழி "ஸ்படிக"த்தின் தமிழ் வடிவம். "பளிங்கு" பழைய சொல்லானாலும் இன்று கட்டடக் கல்லையே நினைவூட்டும். "காமா" கிரேக்க நெடுங்கணக்கின் மூன்றாம் எழுத்து. ரூதர்போர்டு 1903-இல் இட்ட பெயர், பெயர்க்கத் தேவையில்லை.

குளிரூட்டாமல் இயங்கும் உணரிகளுக்கு முன் சேர்க்கும் "அறை வெப்பநிலை" என்ற அடைமொழிக்குள்தான் இத்துறையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. கட்டுண்ட எலக்ட்ரானை விடுவித்து மின்னைக் கடத்தச் செய்யத் தேவையான குறைந்த ஆற்றலே ஆற்றல் இடைவெளி. ஜெர்மானியத்தில் அது சுமார் 0.67 எலக்ட்ரான் வோல்ட். அறையின் வெப்பமே அதில் எலக்ட்ரான்களைக் கிளப்பிவிடும். அந்தக் கசிவு மின்னோட்டத்தில் காமா தரும் சிறு துடிப்பு மூழ்கிப்போகும். அதனால்தான் அதைத் திரவ நைட்ரஜனிலோ மின்குளிரூட்டியிலோ வைக்கிறார்கள். காட்மியம் டெல்லூரைடில் இடைவெளி 1.44, பத்து விழுக்காடு துத்தநாகம் சேர்ந்தால் ஏறத்தாழ 1.57. தாலியம் புரோமைடில் 2.68. துத்தநாகம் சேர்ந்த படிகத்தின் மின்தடை எண் 10¹⁰ ஓம் செ.மீ. அளவில் இருப்பதால் குளிரூட்டல் இல்லாமலே கசிவு அடங்கிவிடும்.

சீசியம்-137 தரும் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர், தன் ஆற்றல் முழுவதையும் காட்மியம் துத்தநாக டெல்லூரைடில் விட்டால், ஓர் இணைக்கு 4.64 எலக்ட்ரான் வோல்ட் வீதம் சுமார் 1.4 லட்சம் எலக்ட்ரான்–துளை இணைகள் பிறக்கும். துளை என்பது எலக்ட்ரான் விட்டுச்சென்ற காலியிடம், நேர்மின்னூட்டம்போல் நகரும். சிக்கல் துளைகளிடம்தான். எலக்ட்ரான் விரைந்து நேர்முனையை அடையும். துளையோ மெல்ல நகர்ந்து, படிகக் குறைகளில் சிக்கி நின்றுவிடும். கதிர் எந்த ஆழத்தில் மோதியது என்பதற்கேற்பத் துடிப்பின் உயரம் மாறும். நிறமாலை உச்சியின் தாழ் ஆற்றல் பக்கம் வால்போல் நீளும். மின்னழுத்தத்தைக் கூட்டினால் வால் ஓரளவு குறையும், ஆனால் கசிவு கூடும். சரியான தீர்வு முனை அமைப்பில் இருக்கிறது: நேர்முனையைச் சிறு சதுரங்களாகப் பிரித்தாலோ, ஒரே தளத்தில் இரு பின்னல் முனைகள் வைத்தாலோ, துடிப்பை எலக்ட்ரான் மட்டுமே தீர்மானிக்கும். ஆழத் திருத்தமும் செய்தால் நல்ல படிகத்தில் பிரிதிறன், அதாவது ஆற்றலோடு ஒப்பிட்ட உச்சியின் அகலம், ஒரு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கும். சோடியம் அயோடைடில் அது ஏழு விழுக்காட்டளவில் நிற்கும்.

தடிமனைத் தேவை பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அமெரிசியம்-241-இன் 59.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிருக்கு 2 மி.மீ. போதும். 662-க்கு 1 செ.மீ. இருந்தாலும் மூன்றில் ஒரு பங்கு அளவே மோதும். அதிலும் பல கதிர்கள் சிதறி, ஆற்றலில் ஒரு பகுதியை மட்டும் விட்டுச் செல்லும்.

படிகத்தை வளர்க்கும்போது டெல்லூரியம் மிகுந்த உருகலிலிருந்து நுண்துளிகள் உள்ளே தங்கிவிடும். அவை எலக்ட்ரான்களையும் பிடிக்கும். பரப்பில் ஈரமோ விரல் எண்ணெயோ படிந்தால் பக்கக் கசிவு ஏறும், அதற்குத்தான் முனையைச் சுற்றிக் காப்பு வளையம். முனைக்குப் பற்றவைப்புச் சூடு ஆகாது, கடத்தும் பசையே ஏற்றது. காட்மியம் நச்சு என்பதால் படிகத்தைக் கையால் உரசித் தேய்க்கவே கூடாது.

ஷாட்கி முனை (மின்னோட்டத்தை ஒரு திசையில் எளிதாக விட்டு, மறு திசையில் தடுக்கும் உலோக முனை) கொண்ட காட்மியம் டெல்லூரைடில் இன்னொரு தொல்லை, முனைவாக்கம்: மின்னழுத்தம் கொடுத்த நிலையில் நேரம் செல்லச் செல்ல எண்ணிக்கை குறையும், உச்சி இடம் நகரும். மின்னழுத்தத்தைச் சற்று நேரம் நிறுத்தி மறுபடி கொடுத்தால் பழைய நிலைக்கு வரும். நீண்ட அளவீடுகளில் இந்த நிறுத்தத்தை முன்கூட்டியே கால அட்டவணையில் சேர்த்துவிட வேண்டும்.