முழங்கால் வலியும் ஒரு போலி அறுவை சிகிச்சையும்

"ஜவ்வு கிழிந்திருக்கிறது, சின்னத் துளை போட்டுச் சரிசெய்துவிடலாம்" என்கிறார் டாக்டர். துளை வழியே கேமராவை நுழைத்து, மூட்டுக்குள் நைந்துபோன அந்த ஜவ்வின், அதாவது மெனிஸ்கஸின், ஓரத்தைச் சீவியெடுப்பார்கள். ஆர்த்ராஸ்கோப்பி என்பது இதுதான். சில மாதங்களில் வலி குறைகிறது. குறைத்தது அந்தச் சிகிச்சைதானா?

சந்தேகப்பட நியாயமான காரணம் உண்டு. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் பெரும்பாலும் நாம் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். தேய்மான வலியோ ஏறி இறங்கும். உச்சத்துக்குப் பிறகு தானாகவே கொஞ்சம் தணியும். அறுவைக்குப் பின் ஓய்வும் பயிற்சியும் கிடைக்கின்றன. குணமாகிவிடும் என்ற நம்பிக்கையும் வலியைக் குறைக்கும். இத்தனையையும் கழித்துவிட்டுக் கத்தியின் பங்கை மட்டும் அளக்க வேண்டுமானால், ஒரு பிரிவினருக்கு அறுவை செய்வதுபோல் நடிக்கத்தான் வேண்டும்.

அமெரிக்காவின் ஹூஸ்டனில் புரூஸ் மோஸ்லி குழுவினர் அதைச் செய்தார்கள். மூட்டுத் தேய்மானம் உள்ள 180 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு மூட்டைச் சுத்தப்படுத்தினார்கள், சிலருக்குக் கழுவி மட்டும் விட்டார்கள், மற்றவர்களுக்குத் தோலில் கீறல் போட்டுத் தையல் போட்டார்கள். போலி அறுவையாகவும் இருக்கலாம் என்பது தெரியும் என்று ஒவ்வொருவரும் தன் கைப்பட எழுதிக்கொடுத்த பிறகே சேர்க்கப்பட்டார். அழைக்கப்பட்ட 324 பேரில் 144 பேர் மறுத்துவிட்டார்கள். 2002இல் முடிவு வந்தது: இரண்டு ஆண்டுகளில் எந்தக் கட்டத்திலும் போலி அறுவையைவிட மற்ற இரண்டும் வலியைக் கூடுதலாகக் குறைக்கவில்லை.

தேய்மானம் முற்றியவர்களுக்கு அப்படித்தான், வெறும் மெனிஸ்கஸ் கிழிசலுக்குப் பலன் இருக்கும் என்று வாதம் எழுந்தது. அதைச் சோதித்தது பின்லாந்து. 146 பேருக்கும் கேமராவால் மூட்டைப் பார்ப்பது உண்மையாகவே நடந்தது. அதன்பின் தியேட்டரிலேயே நர்ஸ் ஓர் உறையைப் பிரித்து டாக்டரிடம் காட்டுவார். போலி என்று வந்தால், டாக்டர் வழக்கம்போல் கருவிகளைக் கேட்டு வாங்குவார். காலை மடக்கி நீட்டுவார். ஜவ்வைச் சீவும் கருவியான ஷேவரை, பிளேடு இல்லாமல், முழங்கால் சில்லின் மேல் வெளியிலிருந்து அழுத்துவார். உறிஞ்சு குழாய் ஓடும். உண்மையான அறுவைக்கு ஆகும் நேரம்வரை நோயாளி உள்ளேயே இருப்பார். பிறகு அவரைக் கவனித்தவர்களுக்கும் எது நடந்ததென்று தெரியாது. இவ்வளவு அக்கறையோடு நடித்ததால்தான் அந்த முடிவை என்னால் நம்ப முடிகிறது. ஓராண்டில் இரு பிரிவினருக்கும் வலி நன்றாகக் குறைந்திருந்தது, கிட்டத்தட்ட ஒரே அளவில்.

அப்படியானால் எம்.ஆர்.ஐ.யில் தெரியும் கிழிசல்? அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் நகரில் 50 வயது தாண்டிய 991 பேரை எடுத்துப் பார்த்தபோது, கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய மாதத்தில் முழங்கால் தொந்தரவே இல்லை. பலருக்கு அது நரைமுடி மாதிரி, வயதோடு வருவது. 2017இல் ஒரு பன்னாட்டு நிபுணர் குழு, தேய்மானம் சார்ந்த முழங்கால் வலிக்கு ஆர்த்ராஸ்கோப்பி வேண்டாம் என்று அழுத்தமாகவே பரிந்துரைத்தது. விளையாட்டில் அடிபட்ட இளைஞரின் கிழிசலும், நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்ட முழங்காலும் வேறு கணக்கு.

மூட்டு மாற்று அறுவையையும் இதோடு சேர்த்துவிடக் கூடாது. டென்மார்க்கில் 100 பேரிடம் நடந்த ஆய்வில், பயிற்சியோடு மூட்டையும் மாற்றிக்கொண்டவர்களின் முன்னேற்றம், பயிற்சி முதலியவற்றை மட்டும் பெற்றவர்களைப்போல் இரு மடங்கு இருந்தது. கடுமையான பக்கவிளைவுகளும் அவர்களுக்கே அதிகம். அறுவை இல்லாத பிரிவின் 50 பேரில், ஓராண்டுக்குள் மூட்டு மாற்றிக்கொண்டவர்கள் 13 பேர்தான்.